பார்த்த அளவில்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ரத்தம் எடுக்கிறவர்களுக்கும், வாசலில் டோக்கன் கொடுக்கிறவளுக்கும், கூட்டிப் பெருக்க வருகிறவளுக்கும் அவள் டைப்பக்கா. பத்தொன்பது வருஷமாக டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கிறவள். பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறப்பார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவள் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஆங்கிலத்தில் அவர் எழுதும் ரிப்போர்ட் ஒவ்வொன்றும் சொந்தக்காரருக்கு எழுதுகிற கடிதம் மாதிரி இருக்கும். செல்கள் தேன்கூடு போல அடுக்கடுக்காக இருக்கின்றன என்பார், மணல் தூவியது போல என்பார். டைப்பக்காவுக்கு அதில் ஒரு பெருமை. வேறு எந்தக் கூடத்திலும் இப்படி ரிப்போர்ட் வராது என்று வீட்டில் வந்து சொல்வாள்.

பெரிய டாக்டருக்கு முழங்கால் இரண்டும் போய், மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டார். வெயில் தொடங்கிய மாதத்தில் புது டாக்டர் வந்தாள். டைப்பக்காவை விடப் பத்து வயசு இளையவள். வந்த மூன்றாம் நாளே ஒரு தாளை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். அதில் ஆறு கட்டங்கள் இருந்தன.

"அக்கா, இனிமே தைராய்டு ஊசி ரிப்போர்ட் எல்லாம் இப்படித்தான். நாம எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம். ஆனா மேல ஒரு நம்பர் கண்டிப்பா போட்டாகணும்."

கழுத்தில் கட்டி என்று வருகிறவர்களுக்கு மெல்லிய ஊசியால் குத்தி, உள்ளே இருப்பதைத் துளி உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்க்கிற வேலை அது. வாரத்துக்கு நாலைந்து வரும்.

"என்ன நம்பர் மேடம்?"

"ஒண்ணுலேர்ந்து ஆறு. ஒண்ணுன்னா, பாத்துச் சொல்ற அளவுக்கு செல்லே வரலை, மறுபடி குத்தணும். ரெண்டுன்னா நல்ல கட்டி. மூணுன்னா இந்தப் பக்கமும் இல்ல அந்தப் பக்கமும் இல்ல. நாலுன்னா வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அஞ்சுன்னா கேன்சரா இருக்கும்னு பலமான சந்தேகம். ஆறு, கேன்சரேதான். எந்த ஊரு டாக்டர் பாத்தாலும் இதே ஆறுதான்."

"பரீட்சை மார்க்கு மாதிரி."

"ஆமா, ஆனா தலைகீழ். ஜாஸ்தி வாங்கினா அழணும்." புது டாக்டர் சிரித்தாள். "ஒண்ணு வாங்கினவங்களும் பாஸ் கிடையாதுக்கா. அதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க."

டைப்பக்காவும் சிரித்தாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எங்கேயோ போய் முள் மாதிரித் தைத்தது. ஏன் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதே சரி.

அடுத்த வாரம் புது டாக்டர் இன்னொன்று சொன்னாள். ஒரு சர்ஜன் போன் செய்து கத்தினாராம். உங்கள் கூடத்து ரிப்போர்ட்டைப் படித்தால் கத்தியை எடுக்கிறதா கீழே வைக்கிறதா என்றே புரியவில்லை, அழகாக இருக்கிறது, எனக்கு அழகு வேண்டாம் என்றாராம். அதனால் போன இரண்டு வருஷத்துத் தைராய்டு சில்லுகளை எல்லாம் மறுபடி ஒரு தடவை பார்த்து நம்பர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

பின்கட்டு அறையில் மரப்பெட்டிகளில் சில்லுகள் அடுக்கி இருந்தன. ஜன்னல் இல்லாத அறை. மின்விசிறி போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் முதுகெல்லாம் வேர்வை. டைப்பக்கா ஒவ்வொரு சில்லாகத் துடைத்து எடுத்துக் கொடுப்பாள். புது டாக்டர் கண்ணை வைத்துப் பார்த்து நம்பர் சொல்வாள். இவள் பழைய ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வாள்.

"ரெண்டு. ரெண்டு. இதுவும் ரெண்டு, அழகான ரெண்டு. நாலு... இவங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களா?"

"பண்ணிக்கிட்டாங்க மேடம்."

"நல்ல வேளை. அடுத்தது."

இரண்டாம் நாள் மத்தியானம் டைப்பக்கா ஒரு சில்லை எடுத்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் 1412 என்று அவள் கையெழுத்து. கை அப்படியே நின்றது. பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி ஒரு எண்ணம் வந்ததே என்று பின்னால் பல நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது ஒன்றும் செய்யவில்லை. துடைத்தாள், கொடுத்தாள்.

புது டாக்டர் சில்லை இப்படி நகர்த்தினாள், அப்படி நகர்த்தினாள். இரண்டாவது சில்லையும் கேட்டாள்.

"வெறும் ரத்தம். இங்க ரெண்டு செல்லு, ஓரத்துல மூணு. ஒரு கூட்டத்துக்குப் பத்து செல்லாவது இருக்கணும், அப்படி ஆறு கூட்டம் வேணும். இதுல ஒண்ணுமே இல்லக்கா. ஒண்ணு போடுங்க. பழைய ரிப்போர்ட்ல என்ன இருக்கு?"

டைப்பக்கா படித்தாள். பார்க்காமலே சொல்லியிருக்க முடியும். "ரத்தம் கலந்த சாம்பிள். சிதறலாகச் சில செல்கள். பார்த்த அளவில் புற்று செல்கள் எவையும் இல்லை. நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்."

"பார்த்த அளவில்," என்று புது டாக்டர் பெருமூச்சு விட்டாள். "பாக்கறதுக்கு என்ன இருந்துச்சு? இவங்களைக் கூப்பிடணும். போன் நம்பர் இருக்கா?"

"இருக்கு," என்றாள் டைப்பக்கா. "எனக்குத் தெரியும்."

அவள் எப்படிச் சொன்னாளோ, புது டாக்டர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். ஆனால் அடுத்த சில்லு காத்துக்கொண்டிருந்தது.

1412 அவளுடைய நாத்தனார். கணவருடைய ஒரே தங்கை. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மூன்றாம் வருஷமே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று டைப்பக்கா கேட்டதில்லை; அவளாகவும் சொன்னதில்லை. அது நடந்து பன்னிரண்டு வருஷம். இரண்டு பேரும் ஒரே சீப்பில் தலை வாரி, ஒரே பாத்திரத்தில் சோறு வடித்து, ஒருத்தி புடவையை ஒருத்தி கட்டிக்கொண்டு காலம் ஓடியிருந்தது. லிப்ட் ரிப்பேர் பார்க்கிற கணவர், "இந்த வீட்டுல நான்தான் வாடகைக்கு இருக்கேன்" என்று அடிக்கடி சொல்வார்.

சின்னவளுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் வேலை. கொதித்துப் பிழிந்து வருகிற படுக்கை விரிப்புகளை நாலு ஆள் நீளமுள்ள சுடு உருளைக்குள் இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்து விட வேண்டும். மறுபக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும். பிடித்து உதறி மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு.

அன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்தபோது டைப்பக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னவள் முகம் கழுவிக்கொண்டு சொம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். விழுங்க விழுங்க அவள் கழுத்தின் வலது பக்கத்தில் அந்தக் கட்டி ஏறி இறங்கியது. போன வருஷம் நெல்லிக்காய் அளவு. இப்போது?

"என்ன அண்ணி, என்னை அப்படிப் பாக்கறீங்க? பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி."

"ஒண்ணுமில்ல."

"இன்னிக்கு உள்ள என்னா சூடு தெரியுமா? என்னைச் சேர்த்து உருளைல விட்டிருந்தா நானும் மடிப்புக் கலையாம வந்திருப்பேன். கீரையை இப்படிக் கொடுங்க. நீங்க காம்பைப் போட்டுட்டு இலையைத் தூக்கி எறியறீங்க."

குனிந்து பார்த்தாள். உண்மைதான்.

போன வருஷம் அந்த ஊசி போடும்போது சின்னவள் மயங்கி விழுந்திருந்தாள். ஊசி என்றாலே அவளுக்கு உயிர் போகும். ரிப்போர்ட் வருகிற வரை நாலு நாள் சோறு இறங்கவில்லை. அந்த நாலாம் நாள் ரிப்போர்ட்டை அடித்தவளே டைப்பக்காதான். அந்தக் குறிப்பிட்ட நாலு வரியைப் பெரிய டாக்டர் எப்போது சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். சில்லில் ஒன்றும் வராதபோதுதான் சொல்வார். அது தெரிந்தும், வீட்டுக்கு வந்து வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல், "கேன்சர் செல் எதுவும் இல்லையாம், ஒண்ணுமில்லடி" என்றாள். சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை இன்னும் தோளில் ஈரமாக இருக்கிறது. ஊசி போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பிய கிளினிக் டாக்டரும் அந்த ஒரு வரியைத்தான் படித்தார். பெரிசானா வாங்க என்று அனுப்பிவிட்டார். மறுபடி குத்த வேண்டும் என்று டைப்பக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பயம் தெளியட்டும் என்று நினைத்தாள். நாள் போயிற்று. பிறகு அவளும் நம்பத் தொடங்கிவிட்டாள்.

ஒன்று என்று நம்பர் விழுந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டைப்பக்கா பெரிய டாக்டர் வீட்டுக்குப் போனாள். அவர் காலை நாற்காலியில் நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. என் பழைய குப்பையை எல்லாம் கிளறறாங்களாமே?"

"பதினோரு பேரு சார்."

அவர் பட்டியலை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"பார்த்த அளவிலன்னு எழுதியிருக்கேனேம்மா. பொய் எழுதலையே."

"அதை யாரு சார் படிக்கறாங்க?"

"படிக்கணும். டாக்டர்னு போர்டு மாட்டினவன் படிக்கணும்." குரல் ஏறி, சட்டென்று இறங்கியது. "செல்லு வரல, மறுபடி குத்தணும்னு எழுதினா, உனக்குக் குத்தத் தெரியலைன்னுதான் ஜனங்க சொல்லும். வேற லேபுக்குப் போகும். அதுக்குத்தான் பயந்தேன். போதுமா?"

"1412 என் நாத்தனார் சார்."

ஐஸ் பை நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"நீதானே அடிச்ச? அப்பவே ஏம்மா என்னைக் கேக்கல?"

"நீங்க சொன்னதை ஏன்னு நான் என்னிக்கு சார் கேட்டிருக்கேன்? அடிச்சுக் கொடுத்துத்தான் பழக்கம்."

கிளம்பும்போது அவர் கேட்டார், "மத்தவங்களுக்கு நான் வேணா போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம் சார். உங்க குரலைக் கேட்டா தைரியமாயிடுவாங்க. அப்புறம் வரமாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சொன்னாள். கணவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். சின்னவள் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று இரவெல்லாம் புரண்டு யோசித்து வைத்தது எதுவும் வாயில் வரவில்லை.

"உன் கழுத்துக்கு மறுபடி ஊசி போடணும்."

"எதுக்கு? அதான் ஒண்ணுமில்லேன்னு வந்துச்சே."

"கண்ணாடில ஒண்ணும் இல்ல. அதைத்தான் ஒண்ணுமில்லேன்னு... பாக்கறதுக்கு அதுல செல்லே வரலடி. கேன்சர் இருக்கா இல்லையான்னு அதை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. புது டாக்டரம்மா பாத்துட்டு மறுபடி எடுக்கணும்னு சொல்றாங்க."

கணவர் முட்டையைத் தட்டில் வைத்தார். "பழைய டாக்டர் தப்பா எழுதிட்டாரா?"

"அவர் எழுதினது தப்பில்ல. நான் படிச்சுச் சொன்னதுதான்..."

சின்னவள் ரொட்டி டீக்குள்ளேயே கரைந்து விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு இடைவெளி இருந்தது. கணவர் கூட அந்த இடைவெளியில் அவளுக்காக வாயைத் திறந்தார். "அவளுக்கு எப்படித் தெரியும், அவ என்ன டாக்டரா..."

"தெரியும்," என்றாள் டைப்பக்கா. "அடிக்கும்போதே தெரியும். நீ மயங்கி விழுந்தது கண்ணுலயே இருந்துச்சு. மறுபடி உன்னைக் குத்த விட மனசு வரல."

"என் மனசுக்காகவா, உன் மனசுக்காகவா?"

பன்னிரண்டு வருஷத்தில் சின்னவள் அவளை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கணவர், "ஏய், அண்ணியை என்ன பேச்சு பேசற?" என்று அதட்டினார். டைப்பக்கா அவரைக் கையமர்த்தினாள். அதற்குள் சின்னவள் எழுந்து போய்விட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீடு வீடாக இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. சின்னவள் விடியற்காலையிலேயே கிளம்பிப் போனாள். மத்தியானச் சாப்பாட்டைச் சலவைக்கூடத்திலேயே முடித்துக்கொண்டாள். வந்தால் தன் துணியை மட்டும் துவைத்தாள். கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் கரண்ட் போன லிப்ட் மாதிரித் தொங்கினார். "ரெண்டு பேரும் பேசித் தொலைங்க, உப்பு இருக்கான்னு கேக்கக்கூட நான் தூது போகவேண்டியிருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஊசி போட வந்தபோது சின்னவள் அண்ணியோடு வரவில்லை. சலவைக்கூடத்தில் உருளையின் மறுமுனை பிடிக்கிற பருத்த பெண் ஒருத்தியைத் துணைக்கு அழைத்து வந்தாள். டோக்கன் வாங்கி, மற்றவர்களைப் போல பெஞ்சில் உட்கார்ந்தாள். டைப்பக்காவின் மேஜைக்கும் ஊசி போடும் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு ஒன்றுதான். எல்லாம் கேட்கும்.

"விழுங்காதீங்க, பேசாதீங்க. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே குத்தறேன். ஒரு எறும்பு, அவ்வளவுதான்."

"எறும்பு இவ்வளவு நீளமா டாக்டர்?"

"கண்ணை மூடிக்கிட்டா நீளம் தெரியாது."

மூச்சுச் சத்தம். பருத்த பெண், "என் கையைப் புடிச்சுக்க, உடைச்சாலும் பரவாயில்ல" என்றாள். டைப்பக்காவின் விரல்கள் விசைப்பலகைமேல் சும்மா கிடந்தன. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை. புது டாக்டர் ஒரு சில்லைச் சாயத்தில் நனைத்து அங்கேயே வைத்துப் பார்த்தாள். "போதும். நிறைய வந்திருக்கு. இனிமே குத்தமாட்டேன்."

நிறைய வந்திருக்கிறது என்பதற்குச் சந்தோஷப்படுவதா என்று டைப்பக்காவுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் புது டாக்டர் வந்து அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, டைப்பக்காவே சொல்லிவிட்டிருந்தாள்.

"இந்த ஒண்ணை நான் அடிச்சுக்கறேன்க்கா. நீங்க டீ குடிச்சுட்டு வாங்க."

"எத்தனை மேடம்?"

"அஞ்சு."

"சொல்லுங்க, அடிக்கறேன்."

அடித்தாள். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாள். மேலே நம்பர், அதற்குக் கீழே அது எதைக் குறிக்கிறது, கீழே அடுத்து என்ன செய்ய வேண்டும். அடித்து முடித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சாயங்காலம் சின்னவள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். சலவைக்கூடத்து நீலச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. முடியெல்லாம் ஆவியில் சுருண்டு நெற்றியில் ஒட்டியிருந்தது.

"1688," என்றாள், ரசீதை நீட்டி.

டைப்பக்கா ரிப்போர்ட்டை எடுத்தாள். உறைக்குள் போடவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரி வரியாகச் சொன்னாள். எத்தனை கூட்டம் செல், அவை எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன, நம்பர் என்ன, எல்லாம்.

"அஞ்சுன்னா?"

"பத்துப் பேருக்கு இப்படி வந்தா ஏழு பேருக்குக் கேன்சரா இருக்கும். மூணு பேருக்கு இருக்காது. ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பாக்கணும்."

"அந்த மூணுல நான் இருப்பேனா?"

"தெரியாதுடி."

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். டோக்கன் பெண் யாரையோ எட்டு, எட்டு என்று கூப்பிட்டாள். பெஞ்சின் மறுமுனையில் ஒரு கிழவர் இருமினார். சின்னவள் சொன்னாள், "அண்ணாகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது." மறுபடி 'நீங்க' என்று வந்ததில் டைப்பக்காவுக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. அது பழைய 'நீங்க' இல்லை. அறிமுகமில்லாதவர்களிடம் சொல்கிற 'நீங்க'.

அந்த மூன்று பேரில் அவள் இல்லை. ஆபரேஷனில் சுரப்பியை முழுக்க எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு நிணநீர் முடிச்சுக்கும் புற்று போயிருந்தது, அதையும் எடுத்தார்கள். கேன்சரிலேயே இது மெதுவான ஜாதி, மாத்திரையை ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டால் கிழவியாகிற வரை இருக்கலாம் என்று சர்ஜன் சொன்னார். கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

டைப்பக்கா மட்டும் வராந்தாவில் அவர் பின்னாலேயே போனாள்.

"போன வருஷமே எடுத்திருந்தா அந்த முடிச்சுக்குப் போயிருக்காதா டாக்டர்?"

அவர் நின்றார். "போயிருக்காமலும் இருக்கலாம். அப்பவே போயிருந்திருக்கவும் செய்யலாம். இதுக்கு என்கிட்ட நம்பர் கிடையாதும்மா."

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் டைப்பக்காதான் கூட இருந்தாள். வேறு ஆள் இல்லை. கஞ்சி கொடுத்தாள், முகம் துடைத்தாள், கட்டுக்குக் கீழே வேர்க்காமல் விசிறினாள். சின்னவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. குரல் கரகரத்துப் போயிருந்தது, பேசக்கூடாது என்றிருந்தார்கள். அது இரண்டு பேருக்கும் சௌகரியமாகவே இருந்தது. நாலாம் நாள் படுக்கை விரிப்பை மாற்ற ஆயா வந்தபோது சின்னவள் புது விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரியா மடிக்கல, எவ கையோ," என்று கிசுகிசுத்தாள். அதுதான் அவள் அந்த ஐந்து நாளில் அண்ணியிடம் சொன்ன ஒரே முழு வாக்கியம்.

கூடத்தில் பதினொரு பேரின் பட்டியல் இன்னும் டைப்பக்காவின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. போன் செய்யும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தர், ஏற்கெனவே வேறு இடத்தில் எடுத்தாயிற்று, நல்ல கட்டிதான் என்றார். ஒரு அம்மா போனிலேயே அழுதாள். ஏழு பேர் வந்து மறுபடி குத்திக்கொண்டார்கள். அதில் ஆறு பேருக்கு இரண்டு, ஒருவருக்கு மூன்று. ஒருவர் வெளிநாட்டுக்கே போய்விட்டார், அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில் ஒரே ஒரு ஆள் மிச்சம். முப்பத்தொரு வயசுப் பெண். போன் உபயோகத்தில் இல்லை. விலாசத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று மட்டும் இருந்தது.

சின்னவள் வேலைக்குத் திரும்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை டைப்பக்கா அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு கணவரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், நகரத்தில் ஏழு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, எதற்குப் பின்னால் என்று தேடுவாய் என்றார்.

"இப்படிக் கொடுங்க," என்றாள் சின்னவள், உள்ளே இருந்து வந்து. சீட்டைப் பார்த்தாள். "எங்க கூடத்துக்கு எல்லாத் தொட்டிப் பக்கத்துலேர்ந்தும் ஆளு வராங்க. விசாரிச்சா தெரிஞ்சிடும்." சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "நாளைக்குப் போலாம்."

"நீ எதுக்கு இந்த வெயில்ல..."

"உங்களுக்கு வழி தெரியாது."

மறுநாள் காலையில் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். டைப்பக்கா பின்னால். ஒரு சந்து, இன்னொரு சந்து, தண்ணீர் சொட்டுகிற தொட்டி, அதன் பின்னால் இரும்புக் கதவு போட்ட வரிசை வீடுகள். நாலாவது வீட்டில் ஒரு பெண் வாசலில் வாளியோடு துணி அலசிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நுரை.

"யாரு வேணும்?"

டைப்பக்கா பெயரைச் சொன்னாள், கூடத்தின் பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஒன்பது பேரிடம் போனில் சொன்னதுதான். ஆனால் நேரே ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் நுரைக் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று.

சின்னவள் ஒரு அடி முன்னால் வந்தாள். தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள். தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் அந்தக் கரகரத்த குரலில். "கொஞ்சம் பயந்துக்கோங்க, தப்பில்ல. ஒரு சொம்பு தண்ணி கொடுங்க. உக்காந்து முழுசாச் சொல்றோம்."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர்கள் உள்ளே வர, வாசலை அடைத்திருந்த வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.